அவுகளும் இருக்கட்டும்

எதிரில் இல்லாத ஆளைப் பற்றி அந்தப் பெண்ணிடம் குறை சொல்ல முடியாது. வாயெடுத்தாலே, "இருங்க, அவுகளும் இருக்கட்டும்" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் போனை எடுப்பாள். யாரைத் திட்ட வந்தோமோ அவருக்கே போன் போகும். செங்கல் அடுக்கின் மேலோ சிமெண்ட் மூட்டையின் மேலோ போனை வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, "அண்ணே, கொத்தனாரண்ணே உங்க மேல ஒரு குறை சொல்லணும்ங்கிறாக. இங்க எல்லாருக்கும் கேக்குது. அவுகளே சொல்லுவாக" என்று முதலிலேயே எச்சரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். பேச்சு முடியும்வரை நகக்கண்ணில் ஒட்டிக் காய்ந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

சைட்டில் அவளுக்கு ‘ஸ்பீக்கரம்மா’ என்று பெயர். அவள் இல்லாதபோதுதான் அப்படிச் சொல்வார்கள். ஒருநாள் சாந்து குழைக்கிற ஆள் வாய் தவறி நேராகவே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "நல்லாத்தான இருக்கு. இனிமே எம்முன்னாலயே சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. நேரே சொல்லலாம் என்று ஆனதும் அதில் ருசி போய்விட்டது போல.

அமராவதிபுதூரில் எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்ட ஆரம்பித்தபோது, காரைக்குடியில் இருக்கும் கட்டுமானக் கம்பெனி ஒன்று அனுப்பிய சைட் இன்ஜினீயர் அவள். முப்பது வயது இருக்கும். நாட்டரசன்கோட்டைப் பக்கம். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டையும் தலையில் ஒரு தொப்பியுமாக ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். என்னைவிட இருபது வயதுக்கு மேல் சின்னவள். அண்ணன் முதல் நாளே முகம் சுளித்தார். "பொம்பளப் புள்ளய அனுப்பிருக்கான். கொத்தனார் பேச்ச இது எங்குட்டு அடக்கப் போகுது?" என்றார். அவள் காதில் விழுகிற தூரத்தில்தான் சொன்னார். அவள் திரும்பி, "அடக்க மாட்டேண்ணே, பேசத்தான் விடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

வீடு எங்கள் மூன்று பேருக்குமானது. அண்ணன், நான், சிங்கப்பூரில் இருக்கும் தம்பி. கீழே அண்ணன் குடும்பத்துக்கு ஹாலும் அறைகளும், பின்பக்கம் எனக்கு ஓர் அறை. மாடி தம்பிக்கு. அம்மா இறந்த பிறகு மூவரும் உட்கார்ந்து பேசி வரைந்த பிளான் அது. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கணவனால் கைவிடப்பட்டவள் என்று தாசில்தார் ஆபீசில் சான்று வாங்கித்தான் அந்த வேலை கிடைத்தது. அந்த ஆபீஸ் பெஞ்சில், பெயரைச் சத்தமாகக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தபோது பட்ட வெட்கத்துக்குப் பிறகு இனி எதற்கும் வெட்கப்பட வேண்டியிருக்காது என்று நான் நினைத்திருந்தேன்.

வேலை நடந்த நாட்களில் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் சைட்டை ஒரு நடை எட்டிப் பார்ப்பேன். அப்படித்தான் அவளைத் தெரியும்.

கொத்தனாருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் நடந்த சண்டைதான் நான் முதலில் பார்த்தது. முதலில் கட்டி முடித்த மோட்டார் ரூம் சுவரில் கம்பி போகிற பைப் பதிக்க எலக்ட்ரீசியன் கொத்திவிட்டுப் போன இடமெல்லாம் கண்டபடி பெயர்ந்து கிடந்தது. கொத்தனார் கொதித்துப்போய் அவளிடம் வந்தார். "அந்தப் பய வேலையப் பாத்தீகளா மேடம்? குரங்கு கொத்துன மாதிரி கொத்திருக்கான். அவனுக்குச் சோறு போட்டவனச் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அவள் போனை எடுத்துவிட்டாள். மறுமுனையில் "சொல்லுங்க மேடம்" என்று குரல் வந்ததும் கொத்தனார் அடங்கிப்போனார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்ல தம்பி, செவுத்துல கொஞ்சம் அகலமா கொத்திட்டீக போல" என்றார்.

குரங்கும் சோறும் எங்கே போயின என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எலக்ட்ரீசியனும் பதிலுக்கு ஒன்று வைத்திருந்தார். அவர் பதித்த பெட்டிகளை எல்லாம் கொத்தனாரின் ஆட்கள் சாந்து போட்டு மூடிவிடுகிறார்கள். தேடித் தேடிக் கொத்துவதால்தான் அகலமாகிறது. இருவர் குரலும் ஏறியது. அவள் குறுக்கே போகவில்லை. இருவரும் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "சரி, சத்தம் போட்டாச்சு. இனிமே என்ன நடக்கணும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றாள். எலக்ட்ரீசியன் சாக்பீஸால் வட்டம் போடாத சுவரில் பூச்சு ஏறக்கூடாது. பூச்சு ஏறிய சுவரில் எலக்ட்ரீசியன் உளி வைக்கக்கூடாது. இருவர் வாயிலிருந்தே வந்தது. வேலை முடியும்வரை அந்த ஏற்பாடு நின்றது.

எதிர்வீட்டு பாய் விஷயமும் அப்படித்தான். மணல் லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் அவர் வீட்டுக் காரை வெளியே எடுக்க முடியவில்லை. அவர் அண்ணனிடம் சொல்ல, அண்ணன் கம்பெனியைக் கைகாட்ட, கம்பெனி லாரிக்காரரைக் கைகாட்ட, ஒரு வாரமாக எல்லோரும் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் லாரி டிரைவரைக் கூட்டிக்கொண்டு பாய் வீட்டு வாசலுக்கே போய்விட்டாள். பாயின் அம்மாவை வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் பண்ணிக் கூட்டிவர வேண்டியிருக்கிறது என்று டிரைவர் அன்றுதான் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு மணல் விடியற்காலையில் கொட்டப்பட்டது. பாய் வீட்டிலிருந்து ஆட்களுக்கு ஒருநாள் பிரியாணியும் வந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவள் வந்த பிறகு சைட்டில் சண்டை குறைந்ததைப் போலவே சிரிப்பும் குறைந்தது. இல்லாத ஆளைப் பற்றிப் பேசுவதில்தானே பாதிச் சிரிப்பு இருக்கிறது. டீ நேரத்தில் அவள் ஸ்கூட்டி சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அவள் அதைக் கவனிக்காதவள் போல டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போவாள். அவளோடு உட்கார்ந்து டீ குடித்த ஆளை நான் பார்த்ததில்லை.

நானும் ஒருமுறை மாட்டினேன். கொத்தனார் மத்தியானத்துக்கு மேல் சாராய வாடையோடு இருப்பதாக எனக்குச் சந்தேகம். மெதுவாக அவள் பக்கத்தில் போய், "ஏம்மா, இந்தக் கொத்தனாரு..." என்றேன். "அந்தா அங்குட்டுத்தான் நிக்கிறாக. கூப்பிடவாக்கா?" என்றாள். "வேணாந்தாயி, வேணாம்" என்றேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"குறையா, வருத்தமாக்கா? வருத்தம்னா எங்கிட்ட தாராளமா சொல்லுங்க, எங்கிட்டயே இருக்கும். குறைன்னா அவுகளும் இருக்கணும்."

"ஏம்மா இப்படி ஒரு பிடிவாதம்?"

மொட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். முதல் வேலையில், மேஸ்திரிக்கும் கம்பி கட்டுகிற ஆளுக்கும் ஆகாமல் போய், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகும் வேலையை இவள் செய்திருக்கிறாள். வார்த்தைகளைக் கொஞ்சம் மழுக்கித்தான் கொண்டுபோனாளாம். "ரெண்டு பேருக்கும் நல்லது பண்றதாத்தான் நெனச்சேன். கடைசில அவுக ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பேசிப் பாத்துட்டு, ‘நாம சொன்னது ஒண்ணு, இந்தப் புள்ள சொன்னது ஒண்ணு’ன்னு சொல்லிட்டாக. அதுக்குப் பெறகு அந்த சைட்ல என் முகத்தப் பாத்து யாரும் பேசல. வெளிய சொல்ல முடியாத வெக்கம்க்கா அது" என்றாள்.

சுவர்கள் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டன. மறுநாள் கூரைக் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடிக்க ஆட்கள் வர வேண்டும். அன்று மத்தியானம் நான் பிள்ளைகளுக்கு முட்டை வைத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் வந்தது.

"அக்கா, கொஞ்சம் சைட்டுக்கு வாங்க. உங்க ரூம் சுவர் சம்பந்தமா அண்ணன் ஒண்ணு சொல்றாக. உங்க முன்னால சொன்னாத்தான் செய்வேன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். ஏதோ ஜன்னல் அளவு மாற்றுகிறார்கள் போல என்று நினைத்தேன். கையில் சாம்பார் வாடை போகக் கழுவக்கூட இல்லை. அப்படியே போனேன்.

ஹாலாகப் போகிற இடத்தில் அண்ணன் நின்றிருந்தார். கொத்தனார் கையில் பெரிய சுத்தியல். சித்தாள் பெண்கள் இருவர், எலக்ட்ரீசியன், அளவு பார்க்க வந்த சென்ட்ரிங்காரர், அவருடைய ஆட்கள் என்று சைட்டே அங்கே இருந்தது. என்னைப் பார்த்ததும் அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். செங்கல் அடுக்கின் மேல் அவள் போன். தம்பியைக் கூப்பிட்டிருந்தாள்.

"தம்பி, அக்கா வந்துட்டாக. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எல்லாருக்கும் கேக்குது" என்று வழக்கம்போலச் சொன்னாள்.

சிங்கப்பூர் லைன். அவள் சொன்னது அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அவன் அண்ணனிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசிக்கொண்டே போனான்.

"அண்ணே, அக்காகிட்ட இப்பச் சொல்ல வேணாம். இடிச்சு பீம் போட்டுட்டுப் பெறகு சொல்லிக்கலாம். அது ஒண்ணும் சொல்லாது. ஹால்ல ஒரு ஓரமாப் படுத்துக்கும். அதத் தேடிக்கிட்டு ஆரு வரப்போறா?"

அவள் பாய்ந்து போனை எடுத்தாள். எடுத்து என்ன? எல்லோருக்கும் கேட்டாயிற்று. சித்தாள் பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் மகளுக்கு அரை மணிக்கு முன்னால்தான் நான் சோறு போட்டுவிட்டு வந்திருந்தேன். கொத்தனார் சுத்தியலைக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. ஒரு ஓரமாகப் படுத்துக்கொள்ளும், தேடி யாரும் வராது என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆனால் அது இத்தனை பேருக்குத் தெரியும்படி ஆனது. திருடியது நான்தான், இவர்கள் எல்லாம் பிடித்துவிட்டார்கள் என்பது மாதிரி நின்றேன்.

"அண்ணே, நீங்க சொல்ல வேண்டியத நீங்க சொல்லுங்க" என்றாள் அவள். அவள் குரலும் சரியாக இல்லை.

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஹால் பத்தாது போலருக்குத்தா. பொண்ணு வீட்டாளுக வந்து போக இருப்பாக. அந்தச் செவுத்த எடுத்துட்டா நல்லா விசாலமா இருக்கும்னு..."

"எடுத்துருங்க" என்றேன். அவர் முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது.

"அக்கா, மனசாரத்தான் சொல்றீகளா?"

"போதும்மா!" என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். "எல்லாரையும் நிறுத்தி வச்சுக் கேக்குற கேள்வியா இது? எடுக்கச் சொல்லிட்டேன்ல, எடுங்க."

தெருவில் நடந்தபோது எதிர்வீட்டு பாய் "என்ன தங்கச்சி, வேலை எம்புட்டுல இருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் போனேன். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகும் யாரோ பார்ப்பது போலவே இருந்தது. நினைக்க நினைக்க, சொன்ன தம்பி மேலும் சொல்லவந்த அண்ணன் மேலும் போகாமல் என் கோபம் எல்லாம் அந்தப் பெண் மேலேயே போனது. அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இடித்திருந்தால், இரண்டு நாள் கழித்துத் தெரிந்திருக்கும். தனியாக அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, "பரவாயில்லண்ணே, எனக்கு எதுக்கு ரூமு?" என்று நானே சொல்லியிருப்பேன். மானமாவது மிஞ்சியிருக்கும்.

சாயங்காலம் அவள் வந்தாள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"திட்டணும்னா திட்டுங்கக்கா. பேச வேண்டியவுக மூணு பேரு. நான் ஊரையே நிறுத்திட்டேன். கொத்தனாரு விஷயமும் இதுவும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன். ஆளுகள அனுப்பிட்டுப் பேசணும்னு எனக்குத் தோணல."

நான் குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"வர்ற வழியில ஸ்கூட்டிய நிறுத்திட்டு அழுதேன். எங்க வீட்ல யாராவது இப்படி எங்கம்மாவ நிறுத்தியிருந்தா நான் சும்மா இருந்திருக்க மாட்டேன்."

"முடிஞ்சு போச்சு. இடிச்சாச்சுல்ல?"

"இல்லக்கா."

நிமிர்ந்து பார்த்தேன்.

"நீங்க எடுக்கச் சொன்னது வெக்கத்துல சொன்னது. அத வச்சு நான் எப்படி இடிக்க? சென்ட்ரிங்காரர நாளைக்கு வர வேணாம்னு சொல்லிட்டேன். ஆபீசுல சத்தம் போட்டாக. என்னாலதான் தள்ளிப் போச்சுன்னு சொல்லிட்டேன்." பிறகு சொன்னாள்: "நாளைக்குக் காலம்பற ஆளுக வர்றதுக்கு முன்னால அண்ணன் அங்க வருவாக. நீங்களும் வாங்க. ரெண்டு பேரு மட்டும். நான் தெருவுல நிப்பேன். நீங்க பேசிட்டு என்ன சொன்னாலும் செய்யிறேன். எடுக்கணும்னாலும் எடுக்குறேன்."

நான் வருவதாகச் சொல்லவில்லை. அவள் போனாள்.

ஆனால் போனேன். அண்ணன் எனக்கு முன்பே வந்து, கூரையில்லாத என் அறைக்குள் ஒரு கவிழ்த்த சட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். மேலே வெறும் வானம். தலைமுடி நரைத்த ஆள் அப்படிக் குறுகி உட்கார்ந்திருந்தது எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"ஹாலுக்காக மட்டும் இல்லத்தா" என்றார். "பொண்ணு வீட்ல கேட்டாக. வீட்ல வாழாவெட்டி ஒருத்தர் இருக்காகளாமே, எப்பவும் கூடத்தான் இருப்பாகளான்னு. நான் வாய் தவறி, இல்ல, அப்பப்ப வந்து போவான்னு சொல்லிட்டேன். பெறகு வீடு பாக்க வர்றோம்னாக. தனியா ரூமு இருந்தா என்னன்னு கேப்பாகள்ல?"

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு என்னால் வெட்கம். எனக்கு அவரால் வெட்கம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் அதைத்தான் சுமந்துகொண்டு நடமாடியிருக்கிறோம்.

எங்கிருந்து எனக்கு வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. "அண்ணே, எனக்கு ஒரு கதவு வேணும்" என்றேன். "உள்பக்கம் தாழ்ப்பா வச்ச கதவு. பழைய வீட்ல நான் எங்க சேலை மாத்துனேன்னு உங்களுக்குத் தெரியுமா? அடுப்படி மூலையில, விளக்க அணைச்சிட்டு. நீங்க, தம்பி, அப்பா எல்லாரும் வெளிய போற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பேன். இருபத்தேழு வயசுல திரும்பி வந்தவ. இப்ப அம்பத்திநாலு. எனக்கு ஹால் வேணாம். மாடி வேணாம். ஆரும் தேடி வர வேணாம். தாழ்ப்பா போட்டு உள்ள இருக்க ஒரு எடம் வேணும்."

அண்ணன் எழுந்து கதவு வரவேண்டிய இடைவெளியில் போய் நின்று அங்குட்டும் இங்குட்டும் பார்த்தார். பிறகு, "கதவு எந்தப் பக்கம் திறக்கணும்?" என்று கேட்டார்.

அவளை உள்ளே கூப்பிட்டோம். ஹால் விசாலமாக வேண்டும், சுவரும் நிற்க வேண்டும் என்றோம். அவள் நடந்து பார்த்துவிட்டு, மாடிப்படியை ஹாலுக்குள்ளிருந்து எடுத்து வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் வெளியே வைத்தால் அந்த இடம் ஹாலுக்குக் கிடைக்கும் என்றாள். ஆனால் மாடி தம்பியுடையது. அவன் சம்மதிக்க வேண்டும். மறுபடியும் போன். இந்தமுறை, "அண்ணனும் அக்காவும் நானும் மட்டும் இருக்கோம். கேக்குதா தம்பி?" என்று கேட்டு, அவன் "கேக்குது" என்று சொல்லும்வரை காத்திருந்தாள்.

"அக்கா..." என்றான் தம்பி. "நேத்துச் சொன்னத மனசுல வச்சுக்காதக்கா."

"வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. படி வெளிய வைக்கலாமா?"

வைக்கலாம் என்றான்.

அந்தப் பெண் எங்கள் வீட்டு வேலையை முடிக்கவில்லை. கூரை போட்ட கொஞ்ச நாளில் அவளைத் தேவகோட்டையில் வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வேலையைத் தள்ளிவைத்ததுதான் காரணம் என்று கொத்தனார் சொன்னார். அவளிடமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு அவளை அண்ணன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. நம்பர் என் போனில் இருந்தது. அவள் வந்தால் அந்த மத்தியானமும் கூடவே வந்துவிடும் என்று பயந்தேன். அன்று பெண் வீட்டார் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார்கள். பின்பக்க அறைக் கதவைக் கைகாட்டி, "இது?" என்று சம்பந்தி அம்மாள் கேட்டார்கள். "அது... சாமான் போட்டு வைக்க" என்றார் அண்ணன். வாய் பழகிய வழியில் போய்விட்டது. பக்கத்தில் நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். முகம் எரிந்தது. "என் ரூமுதான். நான் அவுக தங்கச்சி. இங்கதான் இருக்கேன்" என்றேன். சம்பந்தி அம்மாள் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார்கள். கல்யாணம் நின்றுவிடவில்லை. அண்ணன் அன்று முழுக்க என் பக்கம் வரவில்லை.

போன மாதம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தேவகோட்டை பஸ் நிற்கிற பக்கம், தொப்பி இல்லாமல், தோளில் பையோடு நின்றிருந்தாள். ஸ்கூட்டி என்னவாயிற்றோ. என்னை அந்தக் கோலத்தில் பார்த்தவள், வாசலில் நிற்கவைத்தே நான் அனுப்பியவள், விசேஷத்துக்கு நான் கூப்பிடாமல் விட்டவள். எதைச் சொல்லி எதிரில் போவது? பழக்கடைத் தட்டுக்குப் பின்னால் ஒதுங்கி, கொய்யாப்பழத்தை எடுத்துப் பார்ப்பது போல நின்றுகொண்டேன்.

போன் அடித்தது. எடுத்தேன்.

"அக்கா, நீங்க என்னயப் பாத்தீக. நானும் பாத்துட்டேன்" என்றாள். பஸ் இரைச்சலுக்கு நடுவில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "வரட்டுமா, இல்ல இந்த பஸ்ஸுலயே போயிரட்டுமா? எதுன்னாலும் எனக்கு வருத்தமில்லக்கா. நெசமாத்தான் சொல்றேன்."

பழக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணிலிருந்து தண்ணீர் வடிவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. துடைக்கவில்லை.

"இங்குட்டு வாம்மா" என்றேன். "பழக்கடைக்குப் பின்னாலதான் நிக்கிறேன்."